இலக்கு தின்ற பேரேடு

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, அந்நாட்டு நீதித்துறையுடனும் பங்குச் சந்தை ஆணையத்துடனும் சமரசத்துக்கு வந்து 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. என்னென்ன நடந்தது என்ற விவரத்தையும் எழுத்தில் ஏற்றுக்கொண்டது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவர் பெயரில் கணக்குத் திறந்தது, அவருடைய கையெழுத்தைப் போலியாகப் போட்டது, ஒரு கணக்கிலிருந்து பணத்தை எடுத்து இன்னொன்றில் போட்டுப் புதுக்கணக்கு ஓடுவதுபோல் காட்டியது என்பதெல்லாம் அதற்குள் ஊரறிந்த செய்தியாகியிருந்தது. அதிகம் பேசப்படாத விவரம் ஒன்றும் அதில் இருக்கிறது. வங்கியின் பதிவுகளில் இருந்த வாடிக்கையாளர் தொடர்பு விவரங்களை ஊழியர்கள் மாற்றிப் பதிந்திருக்கிறார்கள். புதுக்கணக்கு பற்றிய தகவல் வாடிக்கையாளருக்குப் போய்விடக் கூடாது என்பது ஒரு காரணம். ‘எங்கள் சேவை திருப்தியா’ என்று கேட்க வங்கியின் இன்னொரு பிரிவு அவரை அழைத்துவிடக் கூடாது என்பது மற்றொன்று. ஒரு வாடிக்கையாளரைப் பற்றி ஒரு நிறுவனம் அறிந்து வைத்திருக்க வேண்டியவற்றில் ஆகக் குறைந்தது, அவரை எந்த எண்ணில் கூப்பிடுவது என்பது. அதையே அழித்திருக்கிறார்கள். அழித்தது போட்டி வங்கியோ கணினித் திருடனோ அல்ல. அந்த வாடிக்கையாளரின் உறவைப் பேணச் சம்பளம் வாங்கியவர்கள்.

இந்தச் சம்பவத்தை ஒரு வங்கியின் ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அது வேறொன்றின் உச்சமாகத் தெரிகிறது. வாடிக்கையாளர் உறவு மென்பொருள், அலுவலக வழக்கில் சி.ஆர்.எம்., ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. வாடிக்கையாளர் யார், என்ன கேட்டார், எதற்குக் கோபப்பட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது ஒன்று. அவரிடம் போய் வரும் விற்பனை ஊழியர் இந்த மாத டார்கெட்டில் எத்தனை சதவீதம் முடித்திருக்கிறார் என்று முதலாளிக்குக் காட்டுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே திரையில், ஒரே கட்டங்களை நிரப்பியே செய்துவிடலாம் என்பதுதான் இந்த மென்பொருளை விற்பவர்கள் சொல்லும் பெரிய வசதி. அந்த வசதிதான் கோளாறு என்பது என் வாதம். நினைவுக்கு என்று எழுதும் கட்டத்தைக் கொண்டே எழுதுபவரின் சம்பளத்தையும் வேலையையும் தீர்மானித்தால், அவர் அதன்பின் வாடிக்கையாளரைப் பற்றி எழுத மாட்டார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுவார். முதலில் நினைவு கெடும், பிறகு அதை நம்பி எடுத்த அளவும் கெடும்.

மென்பொருளின் உள்ளே கொஞ்சம் பார்க்கலாம். டாம் சீபெல் 1993-இல் தொடங்கிய சீபெல் சிஸ்டம்ஸ் இந்தத் தொழிலைப் பெரிதாக வளர்த்தது. 1999-இல் வந்த சேல்ஸ்ஃபோர்ஸ் அதை இணையத்துக்குக் கொண்டுபோனது. நம் பக்கத்தில் ஜோஹோ 2005-இல் தன் சி.ஆர்.எம்.மை வெளியிட்டது, 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸும் இதே கடைத்தெருவில் வியாபாரம் செய்கிறது. ஆக, இது நமக்குத் தூரத்து விவகாரமல்ல. தமிழ்நாட்டில் எழுதி உலகுக்கு விற்கும் சரக்கு இது. எல்லாவற்றுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். வாங்கக்கூடும் என்று தெரிபவர் ‘லீட்’. பேச்சு சூடுபிடித்தால் அது ‘ஆப்பர்ச்சூனிட்டி’யாகிறது. அதற்கு ஒரு தொகை, முடியும் என்று எதிர்பார்க்கும் ஒரு தேதி, எந்தப் படியில் நிற்கிறது என்பதற்கு ஒரு ‘ஸ்டேஜ்’. சேல்ஸ்ஃபோர்ஸைப் புதிதாகத் திறந்தால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சதவீதம் ஏற்கெனவே எழுதியிருக்கும். வாடிக்கையாளரைத் தேடும் படிக்கு 10. விலை சொல்லியாகிவிட்டால் 75. பேரம் நடந்தால் 90. பத்து லட்ச ரூபாய் ஆர்டரைப் ‘பேரம்’ என்ற படிக்கு நகர்த்தினால், கணக்கில் ஒன்பது லட்சம் வரவிருப்பதாக ஏறும். இந்த 90 எங்கிருந்து வந்தது? கோவையில் பம்ப்செட் விற்பவருடைய பத்தாண்டு அனுபவத்திலிருந்து வரவில்லை, பெட்டியோடு வந்தது. வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம், மாற்றாமலே ஓட்டுகிறவர்களும் உண்டு. அதைவிட முக்கியமானது, படியை நகர்த்தும் கை யாருடையது என்பது. டார்கெட் யார் தலையில் இருக்கிறதோ அவருடையது.

மாதக் கடைசியில் ரிவ்யூ மீட்டிங். டார்கெட்டைப் போல மூன்று மடங்கு தொகை பைப்லைனில், அதாவது இன்னும் முடியாத ஆர்டர்களின் பட்டியலில், இருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களில் எழுதாத சட்டம். செத்துப்போன ஆர்டரைச் செத்துவிட்டது என்று பதிந்தால் பைப்லைன் இளைக்கும், மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்பார். ஆகவே அது சாவதில்லை. முடியும் தேதி 30-இலிருந்து அடுத்த மாதம் 15-க்கும், அங்கிருந்து அதற்கடுத்த 30-க்கும் நகர்கிறது. குறிப்புக் கட்டத்தில் ‘கொட்டேஷன் அனுப்பியாச்சு, ஃபாலோ-அப் செய்யணும்’ என்ற ஒரே வரி, பத்து வாடிக்கையாளருக்கு வெட்டி ஒட்டப்படுகிறது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். நிச்சயமாக முடியப்போகிற பெரிய ஆர்டரைத் திறமைசாலியான ஊழியர் ஏற்றவே மாட்டார். இந்தக் காலாண்டு டார்கெட் முடிந்துவிட்டதென்றால் அடுத்த காலாண்டுக்கு அதைப் பதுக்குவார். இப்போதே காட்டினால் அடுத்த டார்கெட்டை உயர்த்திவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இதெல்லாம் மேனேஜருக்கும் தெரியும். அவர் வந்த எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துத்தான் மேலே அனுப்புவார். கழிப்பார் என்பது ஊழியருக்கும் தெரியும். இப்படி மேலே போய்ச் சேரும் எண் ஒரு பேரத்தின் முடிவு. யாரும் எதையும் அளந்து கண்டுபிடித்ததல்ல. உண்மையான நிலவரம், அதாவது அந்தக் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர் மாறிவிட்டார், புதியவருக்கு நம் மேல் பிடித்தமில்லை என்பது போன்றவை, ஊழியரின் சொந்த டைரியிலும் வாட்ஸ்அப்பிலும் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போகும்போது அவரோடு போகும். இந்த இழப்பைத் தடுக்கத்தான் நிறுவனம் மென்பொருளையே வாங்கியது.

இதை ஊகம் என்று யாரும் தள்ள வேண்டியதில்லை. பொருளியலாளர் பால் ஓயர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களின் விற்பனை நிதியாண்டு முடிவில் ஏறுவதையும் தொடக்கத்தில் இறங்குவதையும் காட்டினார். நிதியாண்டு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், வாங்குபவரின் பருவத் தேவையை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. ஆண்டுக் கணக்கில் கமிஷன் வாங்கும் விற்பனையாளரின் நெருக்கடியை வைத்துத்தான் விளக்க முடியும். இயன் லார்கின் 2014-இல் செய்தது இன்னும் கூர்மையானது. பெருநிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் ஒரு முன்னணி நிறுவனத்தின் விற்பனைகளை அவர் எடுத்துப் பார்த்தார். தங்கள் கமிஷனுக்கு லாபமான காலாண்டில் ஆர்டரை முடிக்க வேண்டும் என்பதற்காக விற்பனையாளர்கள் தேவையில்லாமல் விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். இதனால் நிறுவனம் வருவாயில் 6 முதல் 8 சதவீதம் இழந்தது. பிறருடைய தொழிலை ஒழுங்குபடுத்தும் கருவிகளை விற்கும் துறையிலேயே, விற்பவரின் கண் வாடிக்கையாளர் மேல் இல்லை, காலண்டர் மேல் இருந்திருக்கிறது. பொருளியலாளர் குட்ஹார்ட் 1975-இல் சொன்னதை, அளவுகோல் இலக்கானால் அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்று இப்போது எல்லா மேலாண்மை வகுப்பிலும் ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்துவிட்டு அடுத்த ஸ்லைடில் டாஷ்போர்டு காட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

விற்பனையாளரை எண்ணால் கண்காணிக்கும் பழக்கத்துக்குக் கணினி காரணமல்ல. ஓஹியோவில் டேட்டன் நகரத்து மதுக்கடைக்காரர் ஜேம்ஸ் ரிட்டி, கல்லாவில் ஊழியர்கள் கைவைக்காமலிருக்க 1879-இல் ஒரு கணக்கு இயந்திரம் செய்தார். அந்தக் கல்லா இயந்திரத் தொழிலை 1884-இல் வாங்கி நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்று நடத்திய ஜான் பேட்டர்சன்தான், விற்பனையாளருக்கு எல்லை பிரித்து, ஒவ்வொருவருக்கும் கோட்டா கட்டி, அதை முடித்தவரைக் கொண்டாடி, முடிக்காதவரை விரட்டும் முறையை ஒழுங்காக அமைத்தவர்களில் முதன்மையானவர். கல்லாக்காரரைக் கண்காணிக்கும் பெட்டியை விற்ற நிறுவனமே விற்பனையாளரையும் எண்ணால் கண்காணிக்கப் பழகியது. மென்பொருள் பின்னால் வந்து அந்தக் கோட்டாப் பலகையை வாடிக்கையாளர் ஏட்டோடு சேர்த்துத் தைத்தது.

தைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெல்ஸ் ஃபார்கோவைவிட விரிவான சான்று நமக்குக் கிடைக்காது. அங்கே இலக்கு, ஒரு குடும்பத்துக்கு எட்டு சேவைகள் விற்க வேண்டும் என்பது. சேமிப்புக் கணக்கு, டெபிட் அட்டை, கிரெடிட் அட்டை, இணைய வங்கி என்று எண்ணிக்கொண்டே போய் எட்டு. ஏன் எட்டு? ஆங்கிலத்தில் அது ‘கிரேட்’ (சிறப்பு) என்ற சொல்லோடு ஓசை ஒத்தது. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை. ஜனவரியில் தனி விற்பனைத் திருவிழா நடக்கும். உறவினர், நண்பர் பெயர்களைப் பட்டியல் போட்டுத் தரச் சொல்வார்கள். சில பகுதிகளில் யார் முந்துகிறார்கள், யார் பிந்துகிறார்கள் என்ற தரவரிசை தினந்தோறும் சுற்றுக்கு வரும். வாடிக்கையாளரின் மின்னஞ்சல் இல்லாமல் இணைய வங்கிச் சேவையைத் திறக்க முடியாது என்று கணினி தடுத்தபோது, வங்கியின் முகவரியிலேயே ‘பெயரில்லை’ என்று பொருள்படும் மின்னஞ்சலைப் போட்டு நிரப்பியதாக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தொடுத்த வழக்கு சொன்னது. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதத்தோடு விவகாரம் வெடித்தபோது, ஐந்தாண்டுகளில் சுமார் 5,300 பேரை வேலையைவிட்டு நீக்கியிருப்பதாக வங்கி சொன்னது. 2017-இல், அனுமதியின்றித் திறந்திருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள்.

சில ஆயிரம் கெட்டவர்கள் செய்த வேலை, அவர்களைக் களையெடுத்தால் போதும் என்பது முதல் ஆட்சேபணை. வங்கித் தலைமையும் அப்படித்தான் நினைத்தது. ஆண்டுக்கு ஒரு சதவீத ஊழியரைத்தானே நீக்குகிறோம், 99 சதவீதம் பேர் சரியாகத்தானே இருக்கிறார்கள் என்று ஆறுதல் தேடியதை வங்கியின் இயக்குநர் குழு 2017 ஏப்ரலில் வெளியிட்ட விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கிளைகளில், ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்காண்டு ஒரே தவறைச் செய்தால், தவறு ஆளில் இல்லை, அவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் இருக்கிறது. அதே அறிக்கையில் இன்னொன்றும் வருகிறது. திறந்த கணக்கில் பிறகு பணம் வந்து சேர்ந்ததா என்று ஓர் எண்ணிக்கை வங்கியில் இருந்தது. இலக்கு ஏற ஏற, 2005-க்கும் 2012-க்கும் இடையில் அது இறங்கிக்கொண்டே வந்தது. அதாவது, விற்பது வெறும் கணக்குதான், உறவு அல்ல என்பதை வங்கியின் சொந்த ஏடு உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. இலக்குப் பலகையில் அந்த எண்ணுக்கு இடமில்லை. இருந்த இடம் எட்டுக்கு மட்டும்தான்.

லாபவெறி பிடித்த வங்கி என்பதால்தான் இப்படி என்று சொல்பவர்கள், லாபமே இல்லாத ஓர் ஏட்டைப் பார்க்கலாம். இந்தியக் கிராமச் சுகாதாரச் செவிலியர் வைத்திருந்த தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, கணினிக்கு முந்தைய அசல் சி.ஆர்.எம். கிராமத்தில் குழந்தை பெறும் வயதில் உள்ள தம்பதிகள் யார், எத்தனை குழந்தை, கடைசிக் குழந்தைக்கு வயதென்ன, எந்தக் கருத்தடை முறையில் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதும் ஏடு அது. நன்றாக எழுதினால் எந்தத் தாய்க்கு எப்போது உதவி தேவை என்று சொல்லிவிடும் அருமையான ஏடு. அதன் மேல் இலக்கு ஏறியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஆண்டில் மட்டும், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. ‘கேஸ்’ பிடித்துத் தராத ஆசிரியருக்குக்கூடச் சம்பளம் நின்றது. நெருக்கடி நிலை போன பிறகும் இலக்கு போகவில்லை. அறுவைச் சிகிச்சையையாவது எண்ணிப் பார்க்கலாம். மாத்திரை, ஆணுறை, வளையம் இவற்றைப் பயன்படுத்துவோர் என்று பதிவேடு காட்டிய எண்ணிக்கைக்கும் வீட்டு ஆய்வுகள் காட்டிய எண்ணிக்கைக்கும் பொருத்தமே இல்லாமல் போனது. ஏடு தம்பதிகளைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டு, செவிலியர் மாதாந்திரக் கூட்டத்தில் திட்டு வாங்காமலிருக்க எத்தனை எழுத வேண்டியிருந்தது என்பதைச் சொல்லத் தொடங்கியது. 1995-இல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், 1996 ஏப்ரலில் நாடு முழுவதும் இந்த இலக்கு முறையை அரசே கைவிட்டது. கைவிட்டால் பிறப்பு விகிதம் எகிறிவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1992-93இல் சுமார் 2.5, 1998-99இல் 2.2, 2005-06இல் 1.8. பெண் கல்வியும் திருமண வயதும் சேர்ந்து செய்த வேலை இது, இலக்கை நீக்கியதால் நடந்ததல்ல. ஆனால் இலக்கு இல்லாததால் எதுவும் நின்றுவிடவில்லை என்பதற்கு இது போதும்.

இனி, என்னைத் தயங்கவைக்கும் ஆட்சேபணைக்கு வருகிறேன். எண் இல்லாத அலுவலகத்தில் என்ன இருக்கும்? மேனேஜரின் பிரியம் இருக்கும். அவருடைய ஊர்க்காரர், சாதிக்காரர், மாலையில் கூட உட்காருபவர் ‘நல்லா வேலை செய்யுறான்’ ஆவார். முதல் தலைமுறைப் பட்டதாரியோ, ஏழு மணிக்குமேல் அலுவலகத்தில் நிற்க முடியாத பெண்ணோ தன் உழைப்பை எதைக் காட்டி நிரூபிப்பது? திரையில் இருக்கும் எண்ணுக்குச் சாதி தெரியாது, குலப்பெருமை தெரியாது. நம் சமூகத்தில் இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. எண்ணைப் பழிப்பவர்களில் பலர் எண் வருவதற்கு முன் வசதியாக இருந்தவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் இந்த நியாயம் கேட்கும் எண் எது? வந்த பணம். வசூலான தொகை, திரும்பி வராத சரக்கு, இரண்டாம் முறை வாங்கிய வாடிக்கையாளர் இவையெல்லாம் ஊழியர் தன் கையால் நகர்த்த முடியாதவை. அக்கவுண்ட்ஸ் பிரிவில் தனியாக இருப்பவை. பாகுபாட்டுக்கு எதிராக அவை போதும். ஸ்டேஜ், சதவீதம், அழைப்புகளின் எண்ணிக்கை எதுவும் அந்த ஊழியரைக் காப்பாற்றுவதில்லை. இன்னொன்று, பாகுபாடு பெரும்பாலும் விளைவில் நடப்பதில்லை, பங்கீட்டில் நடக்கிறது. யாருக்கு அண்ணா நகர், யாருக்கு ஊருக்கு வெளியே புதிதாய் முளைத்த லேஅவுட். இணையத்தில் தானாக வந்து விழும் நல்ல லீட் யாருக்குப் போகிறது, யார் மொட்டை வெயிலில் கதவு தட்டுகிறார். பங்கிட்டது மேனேஜர், ஆனால் டாஷ்போர்டில் தெரிவது ஊழியரின் சிவப்புக் கோடு மட்டும். பிரியத்தால் செய்த பங்கீட்டைத் திரை அறிவியலாக்கிக் கொடுத்துவிடுகிறது. நியாயம்தான் நோக்கமென்றால், லீட் பங்கீட்டை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். அப்படி வைத்திருக்கும் நிறுவனங்கள் எத்தனை?

கையால் ஏற்றுவதால்தானே பொய், எல்லாவற்றையும் கணினியே பதிந்துகொள்ளட்டும் என்பது அடுத்த வாதம். அழைப்பு தானாகப் பதிவாகும். மருந்து விற்பனைப் பிரதிநிதி டாக்டரின் கிளினிக் வாசலில் நிற்பதை ஜி.பி.எஸ். சொல்லும், மின்னஞ்சலைச் செயற்கை நுண்ணறிவு படித்து இந்த ஆர்டர் வெல்லுமா என்று மதிப்பெண் போடும். ஜி.பி.எஸ். சொல்வது, அவர் வாசலில் நின்றார் என்பதை மட்டுமே. உள்ளே டாக்டர் முகம்கொடுத்துப் பேசினாரா, காத்திருந்த நோயாளிகளைத் தாண்டி நுழைந்ததற்கு எரிந்து விழுந்தாரா என்பதை அது சொல்லாது. நினைவில் வைக்க வேண்டியது அதுதான். செயற்கை நுண்ணறிவோ, பழைய ஆர்டர்களின் படிகளையும் தேதிகளையும் படித்துக் கற்கிறது. அந்தப் படிகளை ஏற்றியவர்கள் ரிவ்யூவுக்குப் பயந்து ஏற்றியவர்கள். பயத்தைப் படித்த இயந்திரம் பயத்தைத்தான் கணித்துத் தரும். அதைவிட மோசம், திரையில் பொய் சொல்ல வழியில்லாமல் அடைத்துவிட்டால் பொய் வெளியே போய் வாடிக்கையாளர் தலையில் இறங்கும். வெல்ஸ் ஃபார்கோவில் கணக்குகள் கணினியின் பார்வையில் நிஜமானவை. எண் இருந்தது, அட்டை இருந்தது, கட்டணமும் பிடித்தார்கள். ஏட்டை ஏமாற்ற முடியாதபோது உலகத்தை ஏட்டுக்கு ஏற்றபடி வளைத்தார்கள்.

இலக்கே இல்லாமல் தொழில் நடத்துவது எப்படி, அடுத்த மாதம் எவ்வளவு சரக்கு உற்பத்தி செய்வது, வங்கிக் கடன் தவணைக்கு எங்கே போவது என்று சிறுதொழில் நடத்துபவர் கேட்பார். கேட்க வேண்டும். அவருக்கு வேண்டியது முன்கணிப்பு, கிடைப்பது வாக்குறுதி. ‘இந்த ஆர்டர் வருமா?’ என்று கேட்டுவிட்டு, வரும் என்று சொன்னவரை அந்தச் சொல்லுக்காகப் பிடித்துக்கொண்டால் அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்ல மாட்டார். மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1954-இல் ‘தி பிராக்டிஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்’ நூலில் இலக்கு வைத்து நிர்வகிக்கும் முறையை எழுதியபோது, அதோடு சுயக் கட்டுப்பாடு என்பதையும் சேர்த்தே எழுதினார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தணிக்கையாளர்கள் ஒவ்வொரு பிரிவையும் அலசி எழுதும் அறிக்கை, அந்தப் பிரிவின் மேலாளர் கைக்குத்தான் போகிறது, அவருடைய மேலதிகாரிக்கு அல்ல என்பதை அவர் பாராட்டி எடுத்துக்காட்டினார். தகவல் ஒருவரைத் திருத்த வேண்டுமென்றால் அவருக்கே போக வேண்டும், அவரைப் பிடிக்கக் காத்திருப்பவருக்கு அல்ல. உலகம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கைகழுவியது. தரக் கட்டுப்பாட்டு அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் 1980-களில் எண் இலக்குகளையும் கோட்டாவையும் அடியோடு நீக்கச் சொன்னார். அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். வசூலுக்கு ஓர் எண் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வைக்கும் இடம் வேறாக இருக்கட்டும் என்கிறேன்.

வேறாக வைப்பதற்குக் கோடிக்கணக்கில் செலவு இல்லை. கமிஷனையும் இன்கிரிமென்ட்டையும் அக்கவுண்ட்ஸ் பேரேட்டிலிருந்து, வந்த பணத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். அதில் ஒரு பகுதியை ஓராண்டு கழித்தும் வாடிக்கையாளர் இருந்தால் கொடுங்கள். சி.ஆர்.எம்.மில் ஊழியர் எழுதும் குறிப்பு, படி, தேதி எதையும் அவருடைய மதிப்பீட்டில் தொடாதீர்கள். தொட மாட்டோம் என்பதை எழுதிக் கொடுங்கள். ஆர்டர் செத்தது என்று முதலில் சொல்பவருக்கு ரிவ்யூவில் திட்டு இல்லை என்று ஆகட்டும். ஆறு மாதத்தில் பைப்லைன் பாதியாக இளைக்கும். மிஞ்சுவதை நம்பிச் சரக்குப் போடலாம். மேனேஜர்கள் இதை எதிர்ப்பார்கள், அதுவும் புரிகிறது. மாதக் கடைசிக் கூட்டத்தில் திட்டுவதற்கு ஒன்றுமில்லையென்றால் அவர்களில் பாதிப்பேர் என்ன வேலை செய்கிறார்கள் என்ற கேள்வி வந்துவிடும்.

இன்னும் ஒருவர் இந்தக் கணக்கில் வரவே இல்லை. தெருமுனை மளிகைக் கடையில் மாதப் பற்று வைக்கும் வீட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அண்ணாச்சி தன் பேரேட்டில் எழுதுவதையே அதிலும் எழுதிக் கொடுப்பார். கூடுதலாக ஒரு கிலோ துவரம்பருப்பு ஏறியிருந்தால் மாதக் கடைசியில் அம்மா கேட்பார். எழுதுபவர் எழுதப்படுபவரின் பார்வையில் எழுதியதால்தான் அந்த ஏடு நேராக இருந்தது. சி.ஆர்.எம்.மில் வாடிக்கையாளரைப் பற்றி எத்தனையோ பக்கம் இருக்கும், அவர் ஒரு வரியைக்கூடப் பார்ப்பதில்லை. தன் எண் மாற்றப்பட்டது வெல்ஸ் ஃபார்கோ வாடிக்கையாளருக்குத் தெரியாமல் போனது இதனால்தான். இந்தியாவில் 2023-இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவு என்ன இருக்கிறது என்று கேட்கவும் தவறைத் திருத்தச் சொல்லவும் ஒருவருக்கு உரிமை தருகிறது. சட்டம் சொல்கிறதே என்று பயந்து செய்யாமல், ஏடு கெடாமலிருக்க நிறுவனங்கள் இதைத் தாமாகவே செய்யலாம்.

வெல்ஸ் ஃபார்கோ தன் சில்லறை வங்கிப் பிரிவில் சேவை விற்பனை இலக்குகளை 2016 அக்டோபர் முதல் நீக்கியது. அமெரிக்க மத்திய வங்கி 2018-இல் அதன் வளர்ச்சிக்குப் போட்ட உச்சவரம்பு 2025 ஜூனில்தான் அகன்றது. இங்கே தொழில் நடத்தும் வாசகர் யாராவது இந்த மென்பொருளை வாங்கும் யோசனையில் இருந்தால், டாஷ்போர்டைக் காட்ட வருபவரிடம் விலை கேட்கும் முன் ஒன்று கேளுங்கள். இந்தத் திரையை அப்படியே திருப்பி என் வாடிக்கையாளருக்குக் காட்டலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் எந்தெந்தக் கட்டத்தால் முடியாது என்று குறித்துக்கொள்ளுங்கள். இலக்கு ஏறி உட்கார்ந்திருப்பது அந்தக் கட்டங்களில்தான்.